அளவைச் சொற்களின் கதை – 9: பவுன் வந்த வழி

தங்கம் விலை ஏறினாலும் இறங்கினாலும் சென்னை நாளிதழ்களில் வருவது ஒரே வாய்பாடுதான். ஆபரணத் தங்கம் கிராமுக்கு இவ்வளவு, சவரனுக்கு இவ்வளவு. 2025 ஜனவரியில் சவரன் விலை முதன்முறையாக 60,000 ரூபாயைத் தாண்டியபோது அது முதல் பக்கச் செய்தியானது. அதே நாளில் டெல்லிப் பத்திரிகைகள் 10 கிராமுக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தன. சவரன் என்ற சொல்லே அங்கே பலருக்குப் புரியாது.

எழுத்தில் சவரன். பேச்சில் பவுன். "பொண்ணுக்கு எத்தனை பவுன் போடுறாங்க?" என்று கேட்கும் ஊர் இது. அரைப் பவுன் மோதிரம், கால் பவுன் கம்மல், மூணு பவுன் செயின் என்று சொன்னதும் கேட்பவர் மனத்தில் எடை, விலை, குடும்பத்தின் வசதி எல்லாம் சேர்ந்தே வந்துவிடும். ஒரு பவுன் எட்டு கிராம் என்பது குழந்தைக்கும் தெரியும். ஏன் எட்டு? பத்தாக இருந்தால் கணக்குப் போடச் சுலபம். பழந்தமிழ் அளவைகளான கழஞ்சுக்கும் மஞ்சாடிக்கும் எட்டு கிராமோடு எந்தப் பொருத்தமும் இல்லை. இந்த எட்டு வேறொரு நாட்டில், வேறொரு தேவைக்காக, வேறொரு உலோகத்தின் பெயரால் பிறந்தது. எடையாகப் பிறந்த சொல் பணமாக மாறி, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பணமாகவே வாழ்ந்து, தமிழ்நாட்டுக்கு வந்த பிறகு மறுபடியும் எடையானது. அந்தப் பயணம்தான் இந்த அத்தியாயம்.

தொடக்கம் ரோமில். லத்தீன் மொழியில் 'லிப்ரா' என்றால் தராசு. அந்தத் தராசில் நிறுக்கும் அடிப்படை எடைக்கும் அதே பெயர்தான். இன்றைய கணக்கில் ஏறத்தாழ 327 கிராம். 'லிப்ரா பொந்தோ' என்று முழுதாகச் சொன்னால் 'லிப்ரா நிறை' என்று பொருள். தொங்கவிட்டு நிறுப்பதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது 'பொந்தோ'. ரோமானிய வணிகர்களோடு பழகிய வடக்கத்திய ஜெர்மானிய இனத்தார் இந்தத் தொடரின் பின்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் வாயில் அது 'புந்த்' ஆயிற்று, ஆங்கிலத்தில் 'பவுண்ட்' ஆயிற்று. முன்பாதியும் சாகவில்லை. பிரிட்டிஷ் பவுண்டுக்குப் போடும் £ என்ற குறி, லிப்ராவின் முதலெழுத்தான 'எல்' குறுக்கே கோடு வாங்கிய வடிவம்.

லிப்ராவுக்குக் கிரேக்கத்தில் ஓர் உடன்பிறப்பு உண்டு: 'லித்ரா'. அது அரமேய மொழி வழியாக அரபுக்குப் போய், எழுத்துகள் இடம் மாறி, 'ரத்ல்' ஆனது. அரபு வணிகர்களின் கப்பலேறி இந்தியக் கரைகளுக்கு வந்து தமிழில் ராத்தல் ஆனது. பிரிட்டிஷ் ஆட்சியில் 453 கிராம் கொண்ட பவுண்டு எடைக்குத் தமிழர்கள் இந்த ராத்தலையே பெயராக வைத்துக்கொண்டார்கள். ஆங்கிலேயர் கொண்டுவந்த பவுண்டும் அரபியர் விட்டுப்போன ராத்தலும் ஒரே குடும்பம் என்பது சந்தையில் நிறுத்தவருக்கும் வாங்கியவருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தமிழ்நாட்டில் ராத்தல் ஏறக்குறைய மறைந்துவிட்டது. இலங்கையில் இன்றும் பேக்கரிக்குப் போய் 'ஒரு இறாத்தல் பாண்' கேட்கிறார்கள். பால் வாங்கும் லிட்டரும் அந்த லித்ராவின் வழித்தோன்றல்தான்.

ரோமானியர் ஒரு லிப்ரா தங்கத்தை நாற்பதாகப் பிரித்து 'ஆரியஸ்' என்ற பொற்காசை அடித்தார்கள். ஜூலியஸ் சீசர் காலத்தில் அதன் எடை எட்டு கிராம் அளவில் இருந்தது. அகஸ்டஸ் காலத்தில் சற்றே குறைந்தது, நீரோ காலத்தில் லிப்ராவுக்கு 45 காசு என்று இன்னும் குறைந்தது. இந்தக் காசுகள் மிளகுக்கும் முத்துக்கும் துணிக்கும் விலையாகத் தமிழகத்துக்கு வந்து குவிந்தன.

1898-இல் புதுக்கோட்டைச் சீமையில் கருக்காக்குறிச்சிக்கு அருகே ஒரு புதையல் கிடைத்தது. 501 ரோமானியப் பொற்காசுகள். அவற்றில் பெரும்பாலான காசுகளில் பேரரசரின் முகத்தின் மேல் உளியாலோ கத்தியாலோ குறுக்கே ஆழமாக வெட்டியிருந்தார்கள். அவை மீண்டும் நாணயமாகச் செல்லக் கூடாது என்பதற்காக வெட்டியது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வெட்டுப்பட்ட காசில் ரோம் பேரரசரின் ஆணைக்கு மதிப்பில்லை. மிஞ்சுவது பொன் மட்டும். அதைத் தராசில் போட்டு நிறுத்துத்தான் மதிப்பிட வேண்டும். பிற்காலத்தில் பவுனுக்கு நேர்ந்தது என்ன என்பதைப் புரிந்துகொள்ள இந்த 501 காசுகளை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. அயல்நாட்டு அரசன் முகம் போட்ட பொற்காசைத் தமிழர்கள் பொன்னாகவே பார்த்தார்கள்.

ரோம் வீழ்ந்தது. தங்கம் மேற்கு ஐரோப்பாவில் அரிதானது. 8-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிராங்கு அரசன் சார்லமேன் வெள்ளியை அடிப்படையாக வைத்து நாணய முறையைச் சீரமைத்தான். ஒரு பவுண்டு எடை வெள்ளியிலிருந்து 240 வெள்ளிக் காசு. பன்னிரண்டு காசு ஒரு ஷில்லிங். இருபது ஷில்லிங் ஒரு பவுண்டு. இங்கிலாந்தில் மெர்சியா நாட்டு அரசன் ஓஃபாவின் வெள்ளிப் பென்னிகளும் இந்தக் காலத்தவைதான். 1971 பிப்ரவரி 15 அன்று பிரிட்டன் தசம முறைக்கு மாறும்வரை இந்த 240 மாறவேயில்லை.

எண் மாறவில்லை, வெள்ளி கரைந்துகொண்டே வந்தது. அரசர்களுக்குப் போர் வரும், கஜானா காலியாகும், பென்னியில் கொஞ்சம் வெள்ளியைக் குறைப்பார்கள். 1601-இல் எலிசபெத் ராணியின் ஆட்சியில் ஒரு டிராய் பவுண்டு எடை வெள்ளியிலிருந்து, அதாவது 373 கிராமிலிருந்து, 62 ஷில்லிங் அடித்தார்கள். அப்படியானால் 20 ஷில்லிங் கொண்ட 'பவுண்டு' பணத்தில் இருந்த வெள்ளி 120 கிராம்தான். பெயர் பவுண்டு, நிறையோ பவுண்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இவ்வாறாகச் சொல்லின் இரண்டு பொருள்களும் பிரிந்து போயின. சந்தையில் இறைச்சி நிறுக்கும் பவுண்டு வேறு, கடன் பத்திரத்தில் எழுதும் பவுண்டு வேறு.

இதில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. சார்லமேன் காலத்துக்குப் பிறகு ஏறக்குறைய 700 ஆண்டுகள் 'பவுண்டு' என்று ஒரு காசே கிடையாது. அது கணக்குப் புத்தகத்தில் மட்டுமே வாழ்ந்தது. யாரும் அதைக் கையில் பிடித்ததில்லை, முடிந்து வைத்ததில்லை. 1489-இல் ஏழாம் ஹென்றி முதன்முறையாக 20 ஷில்லிங் மதிப்புக்கு ஒரு பொற்காசு அடிக்க ஆணையிட்டான். 240 கிரெயின், அதாவது பதினைந்தரை கிராம். ஏறக்குறைய கலப்பில்லாத தங்கம். அதன் ஒரு பக்கத்தில் ஹென்றி முடிசூடி, செங்கோல் ஏந்தி, அரியணையில் அமர்ந்திருந்தான். உள்நாட்டுப் போரில் வென்று ஆட்சிக்கு வந்தவன் அவன். தன் முடியுரிமையை ஊரறியச் செய்வதற்கு அந்தக் காசு பயன்பட்டது. அரசன் உருவம் இருந்ததால் அந்தக் காசுக்கே அரசன் என்று பெயர் வந்தது: 'சாவரின்'. தமிழ்ப் பத்திரிகைகளில் தினமும் வரும் சவரன் இதுதான்.

அந்தப் பழைய சவரன் நூறாண்டுக்கு மேல் ஓடி, 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நின்றது. 1663-இல் 'கினி' வந்தது. ஆப்பிரிக்காவின் கினிக் கரையிலிருந்து ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனி கொண்டுவந்த பொன்னில் அடித்ததால் அந்தப் பெயர். அந்தக் கம்பெனியின் சின்னமான யானை சில கினிகளில் அரசன் தலைக்குக் கீழே இருக்கும். அது அடிமை வாணிகம் செய்த கம்பெனி என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு டிராய் பவுண்டு எடை தங்கத்துக்கு 44½ கினி என்று விகிதம் நிலைத்தது. அப்படியானால் ஒரு கினி 129.438 கிரெயின்.

கினி முதலில் 20 ஷில்லிங்குக்குச் செல்ல வேண்டியது. ஆனால் வெள்ளிக் காசுகள் தேய்ந்தும் வெட்டுப்பட்டும் போனதால் பொற்காசின் விலை 30 ஷில்லிங் வரை எகிறியது. இந்தக் குழப்பத்தைச் சரிசெய்ய 1696-இல் லண்டன் கோபுரத்திலிருந்த தங்கசாலைக்கு ஓர் அதிகாரி வந்து சேர்ந்தார். புவியீர்ப்பு விதி எழுதிய ஐசக் நியூட்டன்தான் அவர். 1699-இல் அதன் தலைவரானார். பெருமைக்குக் கொடுத்த பதவியாக அதை அவர் நினைக்கவில்லை. உலோகச் சோதனையையும் எடைச் சோதனையையும் தானே முன்னின்று கவனித்தார். கள்ளக்காசு அடித்தவர்களைத் துரத்திப் பிடித்து வழக்காடினார். 1717-இல் தங்கத்துக்கும் வெள்ளிக்கும் ஐரோப்பாவிலும் கிழக்கு நாடுகளிலும் இருந்த விலை வேறுபாட்டை ஆராய்ந்து அரசுக்கு அறிக்கை கொடுத்தார். இந்தியாவிலும் சீனாவிலும் வெள்ளிக்கு மதிப்பு அதிகம், அதனால்தான் இங்கிலாந்தின் வெள்ளி கப்பலேறிக் கிழக்கே போகிறது என்பது அவர் கண்டது. அந்த அறிக்கையை ஒட்டி அவ்வாண்டு டிசம்பரில் அரசாணை வந்தது: ஒரு கினிக்கு 21 ஷில்லிங், அதற்கு மேல் யாரும் வாங்கவோ கொடுக்கவோ கூடாது.

இங்கேதான் தமிழ்நாட்டுப் பவுனின் எடை முடிவானது. 21 ஷில்லிங் கினியின் எடை 129.438 கிரெயின் என்றால், 20 ஷில்லிங் பவுண்டுக்கு எவ்வளவு தங்கம்? 129.438-ஐ 21-ஆல் வகுத்து 20-ஆல் பெருக்கினால் 123.27 கிரெயின். அதுதான் 7.988 கிராம்.

அந்தக் கணக்குக் காசாக உருவெடுக்க மேலும் நூறு ஆண்டு ஆனது. நெப்போலியன் போர்கள் முடிந்தபின் 1816-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் நாணயச் சட்டம் இயற்றி, தங்கத்தையே பணத்தின் அடிப்படையாக்கியது. 1817-இல் புதிய சவரன் வெளிவந்தது. 20 டிராய் பவுண்டு தங்கத்துக்கு 934½ சவரன் என்பது கணக்கு. பின்பக்கத்தில் குதிரையேறிய புனித ஜார்ஜ் நாகத்தைக் கொல்லும் உருவம். செதுக்கியவர் இத்தாலியரான பெனதெத்தோ பிஸ்துருச்சி. இருநூறு ஆண்டுக்கு மேலாகியும் சவரனில் இன்றும் அடிப்பது அந்த உருவத்தைத்தான்.

அந்தக் காசைக் கையில் எடுத்துப் பார்த்தால் அளவு சின்னதுதான். குறுக்களவு 22 மில்லிமீட்டர், தடிமன் ஒன்றரை மில்லிமீட்டர். விளிம்பைச் சுற்றி நெருக்கமாக வரிகள். ஓரத்தை அரத்தால் ராவிப் பொன் திருடுகிறவர்கள் அகப்படுவதற்காகப் போட்ட வரிகள் அவை. தங்கம் தேயும். கை மாறி மாறிப் பழகியதில் எடை 122½ கிரெயினுக்குக் கீழே போனால் அந்தக் காசு செல்லாது என்று 1870-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. காசு இழக்கலாம் என்று சட்டம் விட்ட அளவு 0.05 கிராம். அதற்கு மேல் தேய்ந்த காசை வங்கி வெட்டிப் போட்டுவிடும். உலகில் எந்த மூலையில் எடுத்து நிறுத்தாலும் இத்தனை துல்லியமாக ஒரே எடை காட்டும் பொருள் அந்த நூற்றாண்டில் அதிகம் இல்லை.

தங்கத்தின் தரத்துக்கும் இந்தக் காசுக்கும் உள்ள உறவு எடையைப் போலவே முக்கியமானது. சவரன் 22 கேரட். இருபத்துநான்கில் இருபத்திரண்டு பங்கு பொன், மீதி பெரும்பாலும் செம்பு. 1526-இல் எட்டாம் ஹென்றி கொண்டுவந்த கலவை விகிதம் இது. சுத்தப் பொன் காசுக்கு மிருதுவாக இருந்தது, இந்தக் கலவை உறுதியாக நின்றது. தமிழ் மரபில் பொன்னின் தரத்தைச் சொல்ல 'மாற்று' என்ற அளவு இருந்தது. பத்தரை மாற்றுத் தங்கம் என்று நல்ல மனிதர்களை இன்றும் சொல்கிறோம், ஆனால் நகைக்கடையில் யாரும் மாற்றுக் கேட்பதில்லை. 22-ஐ 24-ஆல் வகுத்து ஆயிரத்துக்குக் கணக்கிட்டால் 916. நகைக்கடைப் பலகைகளில் பெரிதாக எழுதியிருக்கும் 916 அதுதான்.

இனித் தமிழ்நாட்டுக்கு வருவோம். இங்கே பொன் நிறுக்க விதைகள் போதுமானவையாக இருந்தன. சிவப்பில் கருப்புப் பொட்டு வைத்த குன்றிமணி, அதைவிடப் பெரிய மஞ்சாடி விதை, அதற்கும் மேலே கழஞ்சு. இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் முதலாம் ராஜராஜன் கொடுத்த பொன்னைக் கழஞ்சும் மஞ்சாடியும் குன்றியுமாக எழுதியிருக்கிறார்கள். பொன்னை 'ஆடவல்லான்' என்ற கல்லாலும், மணிகள் பதித்த நகைகளைத் 'தட்சிணமேருவிடங்கன்' என்ற கல்லாலும் நிறுத்ததாகக் குறிப்பு இருக்கிறது. எடைக்கல்லுக்கு இறைவன் பெயர் வைத்தார்கள். நிறுத்ததில் ஏமாற்று இல்லை என்பதற்கு அதைவிடப் பெரிய உறுதி அந்தக் காலத்தில் ஏது? 'குண்டுமணித் தங்கம்கூட இல்லை' என்று சலித்துக்கொள்ளும் வழக்கு மட்டும் அந்த அளவை முறையிலிருந்து இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது.

காலப்போக்கில் விதையின் இடத்தைக் காசு பிடித்தது. விஜயநகர ஆட்சிக்குப் பின் தெற்கே பொன்னாணயம் என்றால் வராகன். 'வராகனெடை' ஒரு நிறையாகவே ஆனது, சித்த மருத்துவக் குறிப்புகளில் இன்னும் அதைப் பார்க்கலாம். கிழக்கிந்தியக் கம்பெனி 1818-இல் சென்னை மாகாணத்தில் வராகனைக் கைவிட்டு வெள்ளி ரூபாய்க்கு மாறியது. ரூபாயின் எடை 180 கிரெயின். அதையே பிறகு ஒரு தோலா என்று நிர்ணயித்தார்கள். 'ஒரு ரூபாய் எடை மிளகு' என்று நாட்டு மருந்துக் கடையில் கேட்ட தலைமுறை ஒன்று இருந்தது. காசு தராசுத் தட்டில் ஏறி எடைக்கல் ஆவது இங்கே பழகிய வழக்கம். பவுனுக்கு முன்னரே பாதை போட்டாயிற்று.

ஆனாலும் ஒரு வேறுபாடு உண்டு. வடக்கே முகலாயர் காலத்திலிருந்து வெள்ளி ரூபாய் கோலோச்சியது. தெற்கே பல நூற்றாண்டுகளாகப் பொற்காசே முதன்மையாக இருந்தது. வராகன் போன பிறகு, ஒரு பொற்காசுக்கான இடம் இங்கே காலியாகவே இருந்தது. வடக்கே தோலா நிலைத்ததற்கும் தெற்கே பவுன் நிலைத்ததற்கும் இந்தப் பின்னணி ஒரு பெரிய காரணம் என்று கொள்ள இடமிருக்கிறது.

1899-இல் பிரிட்டிஷ் இந்திய அரசு சட்டம் போட்டது: ஒரு சவரனுக்கு 15 ரூபாய், இந்தியா முழுவதும் செல்லும். 15 எப்படி வந்தது? ரூபாயின் மதிப்பு 16 பென்னி என்று அரசு நிலைநிறுத்தியிருந்தது. 240 பென்னியை 16-ஆல் வகுத்தால் 15. சார்லமேன் காலத்து 240 இங்கே வந்து நிற்கிறது. ரூபாய்க்கு 16 அணா என்பதால் ஓர் அணா ஒரு பென்னிக்குச் சமமாகவும் ஆனது.

சவரனைப் புழக்கத்தில் விட அரசு முயன்றது. கருவூலங்கள் வழியாகக் கொடுத்துப் பார்த்தது. கொடுத்ததில் பெரும்பகுதி அரசிடமே திரும்பி வந்தது. கூலிக்காரருக்குப் பதினைந்து ரூபாய் ஒரே காசாக எதற்கு? மளிகை வாங்க அது உதவாது. திரும்பி வராத காசுகள் சந்தைக்கும் போகவில்லை. பெட்டிக்கும் பானைக்கும் பத்தரின் உலைக்கும் போயின. ஆஸ்திரேலியாவிலும் சவரன் அடித்தார்கள். சிட்னி 1855-இலும் மெல்போர்ன் 1872-இலும் பெர்த் 1899-இலும் தொடங்கின. அங்கிருந்தும் எகிப்திலிருந்தும் இந்தியாவுக்குப் பெருமளவில் சவரன் வந்தது. பல குடும்பங்களில் பவுன் காசுகளுக்கு வளையம் பற்றவைத்துக் கோத்து மாலையாக்கிக்கொண்டார்கள்.

பத்தருக்கு இந்தக் காசு வரப்பிரசாதமாக இருந்தது. உரைகல்லில் உரைத்துத் தரம் பார்க்கத் தேவையில்லை, எந்த நாட்டில் அடித்ததானாலும் 22 கேரட். எடைக்குத் தனிக் கல் தேட வேண்டாம், சிறு தராசின் ஒரு தட்டில் இந்தக் காசைப் போட்டாலே போதும். வாடிக்கையாளரும் கண்முன்னே பார்ப்பார். தரமும் எடையும் ஒரே பொருளில் கைக்கு வந்தன. 'நாலு பவுன்ல ஒரு அட்டிகை' என்று சொன்னால் நாலு காசு உருக்கிச் செய்தது என்றும் பொருள், நாலு காசு எடை என்றும் பொருள். எந்தப் பொருளில் சொல்கிறோம் என்று பிரித்துப் பார்க்கும் தேவை யாருக்கும் எழவில்லை. சொல் பணத்திலிருந்து எடைக்கு நழுவியது அந்த இடத்தில்தான்.

முதல் உலகப் போர் வந்ததும் பிரிட்டனில் சவரன் புழக்கத்திலிருந்து மறையத் தொடங்கியது. 1914-இல் அங்கே ஒரு பவுண்டு காகித நோட்டு வந்தது. இந்தியாவில் இதற்கு நேர்மாறான ஒன்று நடந்தது. 1918-இல் பம்பாயில் ராயல் மின்ட்டின் கிளை திறந்து சவரன் அடித்தார்கள். சுமார் 13 லட்சம் காசுகள். லண்டன் காசிலிருந்து இதை அடையாளம் காண, குதிரையின் காலடியில் தரைக்கோட்டுக்கு மேல் 'ஐ' என்ற சிறிய எழுத்து இருக்கும். அந்த ஓராண்டோடு கிளை மூடப்பட்டது. நூறாண்டு பழைய பவுன் காசு வைத்திருக்கும் வீடுகள் ஒரு பூதக்கண்ணாடி வைத்து அந்த இடத்தைப் பார்க்கலாம். ஆஸ்திரேலியக் காசானால் சிட்னிக்கு 'எஸ்', மெல்போர்னுக்கு 'எம்', பெர்த்துக்கு 'பி'.

பிறகு சவரனின் அதிகார மதிப்பு ஆட்டம் கண்டது. 1920-இல் 10 ரூபாய் என்றார்கள். 1927-இல் 13 ரூபாய் 5 அணா 4 பை என்றார்கள், அதோடு அது செல்லும் நாணயம் என்ற தகுதியையும் எடுத்துவிட்டார்கள். 1931 செப்டம்பரில் பிரிட்டனே தங்க அடிப்படையைக் கைவிட்டது. தங்கம் விலை ஏறியது. அதே சமயம் உலகப் பொருளாதாரச் சரிவால் நெல்லும் கடலையும் பருத்தியும் விலை போகவில்லை. வரி கட்டவும் வட்டி கட்டவும் விவசாயக் குடும்பங்கள் நகையைக் கழற்றின. அந்த ஆண்டுகளில் இந்தியாவிலிருந்து கப்பல் கப்பலாகத் தங்கம் வெளியேறியது. பெண்கள் கழுத்திலும் கையிலும் கிடந்த பவுன் லண்டனின் பணப் பற்றாக்குறைக்கு உதவியது. இந்திய நாணய வரலாற்றில் இதைவிடக் கசப்பான பக்கம் குறைவு.

காசு போனது, சொல் போகவில்லை. 1956-இல் எடை அளவைச் சட்டம் வந்தது, 1958 முதல் படிப்படியாகக் கிராமும் கிலோவும் வந்தன. வீசை போனது, பலம் போனது, மணங்கு போனது, ராத்தல் போனது. பவுன் மட்டும் 7.988-லிருந்து எட்டாக உருண்டு, கிராம் கணக்குக்குள் புகுந்து தப்பித்தது. ஒரு பவுனுக்கு வேறுபாடு 0.012 கிராம். நூறு பவுன் சேர்ந்தாலும் அது 1.2 கிராம்தான். எட்டு என்ற எண் பாதிக்கும் காலுக்கும் அரைக்காலுக்கும் மீதியில்லாமல் வகுபடும் என்பதும் சேர்ந்து கைகொடுத்தது.

1963 ஜனவரியில் இன்னொரு சோதனை வந்தது. சீனப் போருக்குப் பின் நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாட்டு விதிகளைக் கொண்டுவந்தார். 14 கேரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது. செம்பும் வெள்ளியும் மிகுந்த அந்தப் பொன்னை மக்கள் விரும்பவில்லை, பத்தர்களின் கை அதற்குப் பழகவில்லை. நாடெங்கும் பொற்கொல்லர்கள் பிழைப்பை இழந்து தெருவுக்கு வந்தார்கள், உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. பரம்பரைத் தொழிலை ஒரே விதியால் முடக்கியதற்கு அந்தக் குடும்பங்கள் கொடுத்த விலை பெரிது. 14 கேரட் விதி சில ஆண்டுகளில் தளர்ந்தது. 1968-ஆம் ஆண்டுத் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990 வரை நீடித்தது. இத்தனைக்கும் பிறகு தமிழ்நாட்டு நகை 22 கேரட்டுக்கே திரும்பியது, பவுன் கணக்கும் அப்படியே தொடர்ந்தது.

இன்று தமிழ்நாட்டு அரசாலும் அந்தச் சொல்லை விட முடியவில்லை. தாலிக்குத் தங்கம் திட்டத்தில் 2011-இல் 4 கிராம் கொடுத்தார்கள், 2016-இல் அதை 8 கிராமாக்கினார்கள். மக்கள் மொழியில் அரைப் பவுன் ஒரு பவுனானது. 2021-இல் கூட்டுறவு வங்கிகளில் 5 சவரன் வரையிலான நகைக்கடன் தள்ளுபடி அறிவிக்கப்பட்டது. ஆவணங்களில் அதன் எல்லை 40 கிராம். ஐந்து அசல் சவரன் காசுகளை வைத்தால் 39.94 கிராம்தான் வரும். அடகு வைத்த குடும்பத்துக்கு எல்லைக்கு இப்புறமா அப்புறமா என்பதில் கடனே தங்கியிருந்தது, ஆகவே அந்தக் கோடு எட்டின் பெருக்கலில் போட்டது சிறிய விஷயமில்லை.

கேரளத்தில் இதே எட்டு கிராமுக்குப் பவன் என்று பெயர். இலங்கைத் தமிழர் பவுண் என்கிறார்கள், சிங்களத்திலும் அதே வேரிலிருந்து வந்த சொல்லால்தான் தங்க விலை சொல்கிறார்கள். இந்தியாவில் 2013 முதல் மறுபடியும் அசல் சவரன் அடிக்கிறார்கள். ராயல் மின்ட்டின் உரிமம் பெற்று, ஹரியானாவில் உள்ள ஆலையில், அதே 'ஐ' குறியோடு. அதன் எடை இன்றும் 7.988 கிராம். லட்சுமி உருவம் போட்டு நகைக்கடையில் விற்கும் 'ஒரு பவுன் காசு' 8.000 கிராம். ஒன்று நியூட்டன் காலத்துக் கணக்கு, மற்றது தமிழ்நாட்டுக் கணக்கு.

தெற்கே பவுன் நிலைத்த அதே காலத்தில் வடக்கே ஒரு தோலா என்ற எடை துபாய் வரை போய்ச் சேர்ந்தது. பத்து தோலாத் தங்க பிஸ்கட் அரபிக் கடலைக் கடந்த கதை அடுத்த இதழில்.

(தொடரும்)